பெயர் தெரியாத செடியை அடையாளம் காண்பது எப்படி? சேலம், ஏற்காடு தோட்டக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பூவை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்த ஒரு படம், கீழே "இது என்ன செடி?" என்று ஒரு வரி. தோட்டக்காரர்களிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. பதிலும் அதே வேகத்தில் வரும். நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். கேட்டவர் எது வாயில் நுழைகிறதோ அதை எழுதித் தொட்டியில் குத்திவிடுவார். அந்தத் தவறான பெயரோடு செடியின் கிளைகள் பத்து வீடுகளுக்குப் போய்விடும்.

பதில் சொல்பவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பூவின் நிறத்தை வைத்து ஒரு செடியைச் சொல்வது கடினம். இலை தண்டோடு சேரும் இடத்தை வைத்துச் சொல்வது பல நேரம் எளிது. அந்த இடத்தைப் பார்த்து, படம் எடுத்து, சரியான ஆளிடம் கேட்டால் பாதிச் செடிகளுக்கு அன்றைக்கே குடும்பமாவது (நெருங்கிய உறவுச் செடிகளின் கூட்டம்) தெரிந்துவிடும்.

நம் பகுதியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு தட்பவெப்பம். மேலே காப்பித் தோட்டங்களோடு வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிய செடிகள், சேர்வராயன் மலைக்கே உரிய காட்டுச் செடிகள், போன வருடம் நர்சரி லாரியில் வந்த கலப்பினங்கள் எல்லாம் ஒரே வேலியோரத்தில் நிற்கும். இவற்றில் எந்த வகை என்று முதலில் பிரித்தாலே தேடல் பாதியாகக் குறையும்.

தொடுவதற்கு முன்

பெயர் தெரியாத செடியை வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். "ஒரு துளிதானே, கசக்கிறதா பார்ப்போம்" என்பதும் வேண்டாம். மஞ்சள் அரளி, குன்றிமணி விதை, செங்காந்தள் கிழங்கு, ஊமத்தை எல்லாம் நம் ஊர் வேலியிலேயே இருக்கின்றன. எல்லாமே உயிரைப் பறிக்கக்கூடியவை. செங்காந்தள் கொடி காய்ந்து விழுந்த பிறகு மண்ணில் கிடைக்கும் கிழங்கைக் காட்டுவள்ளி என்று எடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஏற்காட்டு வீடுகளில் மணி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை, பீச் நிறப் பூச்செடி புருக்மான்சியா. அது ஊமத்தையின் உறவு, அதே விஷம். ஊமத்தையின் பூ மேல்நோக்கி நிற்கும், காயில் முள் இருக்கும். புருக்மான்சியாவின் பூ தொங்கும், காய் முள்ளில்லாமல் இருக்கும், செடி மரம்போல் தண்டு கட்டும்.

கிளையை ஒடித்தால் பால் வடிகிறதா என்று பார்க்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். சேனை, சேம்பு போன்ற இலையுள்ள செடிகளை வெறுங்கையால் கசக்கினால் அரிப்பு எடுக்கும். காரணம் அவற்றிலுள்ள ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

செடி எங்கிருந்து வந்தது?

நட்டதா, தானாக முளைத்ததா? தானாக முளைத்தது என்றால் எந்த மண்ணில், எந்த எருவோடு, எந்த மரத்தின் அடியில்? மாட்டுச்சாணத்தில் புல், களை விதைகள் வரும். நர்சரித் தொட்டி மண்ணில் அந்த நர்சரியின் களைகளே வரும். பறவைகள் உட்காரும் மின்கம்பிக்குக் கீழே முளைத்தது என்றால் பழம் தரும் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம்: ஆல், அரசு, வேம்பு, உண்ணிச்செடி.

"புதுச் செடி" என்று நினைப்பது சில நேரம் பழைய செடியேதான். மூன்று இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

முதலாவது ஒட்டுச்செடி. ஒட்டு ரோஜா ஒன்றில் திடீரென நீளமான, வேறு மாதிரி இலையுள்ள கிளை கிளம்பி, கொத்தாகச் சின்னப் பூ பூத்தால், அது ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வந்த அடிச்செடியின் துளிர். கிளையை அடிவரை பின்தொடர்ந்து பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே கிளம்பியிருந்தால் அடியோடு பிய்த்து எடுங்கள். கத்தரித்தால் மீண்டும் துளிர்க்கும். எலுமிச்சை, ஆரஞ்சு ஒட்டுகளிலும் இதே கதைதான்.

இரண்டாவது இளஞ்செடி. பலா நாற்றின் இலை பிளவுபட்டிருக்கும், வளர்ந்த மரத்தில் அப்படி இருக்காது. பலா நாற்றை யாரும் பலா என்று ஒத்துக்கொள்ளாத தோட்டங்கள் உண்டு.

மூன்றாவது நம் மணி பிளான்ட். பாட்டிலில் உள்ளங்கை அளவு இலை விடும் அதே கொடி, ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறினால் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு, ஓரம் கிழிந்த இலை விடும். அதை மான்ஸ்டெரா என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. கொடியின் அடிப்பகுதிக்குப் போய்ப் பழைய இலைகளைப் பாருங்கள். சிறிய இதய வடிவ இலை அங்கே இருக்கும்.

கணுதான் முகவரி

இலை தண்டோடு சேரும் கணுவைப் பார்க்க நல்ல வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். நகை பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு செடியை அதன் அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில், எது இலை என்று முடிவு செய்யுங்கள். கறிவேப்பிலையில் ஒரு ஈர்க்கு முழுவதும்தான் ஓர் இலை. அதிலுள்ள ஒவ்வொன்றும் சிற்றிலை. இதைக் கண்டுபிடிக்க மொட்டைத் தேடுங்கள். இலைக்காம்பு தண்டைத் தொடும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இங்கே தவறினால் பிறகு பார்க்கும் எல்லாமே தவறும்.

அடுத்து இலைகளின் அடுக்கு. ஒரு கணுவில் ஓர் இலையா, எதிரெதிராக இரண்டா, மூன்றோ அதற்கு மேலோ வட்டமாகவா? அரளியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும். மஞ்சள் அரளியில் ஒவ்வொன்றாகச் சுற்றி ஏறும், ஒடித்தால் பாலும் வரும். பூ இல்லாமலேயே இரண்டையும் பிரித்துவிடலாம். இளம் நுனியை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நுனியில் கணுக்கள் நெருங்கியிருப்பதால் எல்லாம் வட்டமாகத் தெரியும். நன்றாக நீண்ட, நடுக்கிளையைப் பாருங்கள்.

இலைகள் எதிரெதிராக இருந்தால், இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டில் ஒரு சின்ன முக்கோணச் செதில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள மிக எளிய வழி உண்டு. காப்பிச் செடியின் நுனிக்கிளை ஒன்றை எடுத்து, ஒரு ஜோடி இலைக்கு நடுவே விரல் நகத்தால் தடவுங்கள். கூரான முக்கோணம் ஒன்று தட்டுப்படும். இரண்டு பக்கமும் அப்படி இருக்கும். இலை எதிரெதிர், ஓரத்தில் பல் இல்லை, நடுவில் இந்த முக்கோணம்: இந்த மூன்றும் சேர்ந்தால் அநேகமாக அது காப்பிக் குடும்பம். இட்லிப்பூ, முசாண்டா, கார்டீனியா, நுணா எல்லாம் இதில்தான் வரும். இந்த ஓர் அடையாளத்தைப் பழகியவர் மலைத்தோட்டத்தில் பெயர் தெரியாத புதர்களில் பலவற்றைக் குடும்பம் வரைக்கும் கொண்டுவந்துவிடுவார்.

தண்டு சதுரமாக இருந்து, இலை எதிரெதிராக, கசக்கினால் வாசனை வந்தால் துளசிக் குடும்பத்தை முதலில் நினையுங்கள். உண்ணிச்செடிக்கும் சதுரத்தண்டு, வாசனை எல்லாம் உண்டு. ஆனால் தண்டில் பெரும்பாலும் கொக்கி முள் இருக்கும். கணுவைச் சுற்றி மோதிரம்போல் முழு வட்டத் தழும்பு இருந்தால் ஒடித்துப் பாருங்கள்: பால் வந்தால் ஆல், அத்தி, பலா வகை, வராவிட்டால் செண்பக வகை.

இஞ்சி மாதிரித் தெரியும் செடிகளில் ஒரு வித்தியாசம் கேளுங்கள். இஞ்சி, மஞ்சள், ஏலக்காயில் இலைகள் இரண்டே வரிசையில், இரு பக்கமாக நிற்கும். இன்சுலின் செடி என்று விற்கும் காஸ்டஸ் வகையில் இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள்படிக்கட்டாக ஏறும். மேலிருந்து தண்டின் நுனியைப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பாலும் வாசனையும் புள்ளியும்

இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசியால் குத்தியது போல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் நிறையத் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஒரு குடும்பம். கொய்யா, நாவல், யூகலிப்டஸ் இன்னொரு குடும்பம். இரண்டிலும் புள்ளி உண்டு. கசக்கி முகர்ந்தால் திசை தெரியும்.

எஸ்டேட் வீடுகளின் பின்புறம் நிற்கும் வாசனை மரங்களில் குழப்பம் சகஜம். இலையில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் லவங்கப்பட்டை வகை. ஒரே நடுநரம்பு, எதிரெதிர் இலை, கசக்கினால் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் கலந்த வாசனை, பட்டை மெல்லிய தாளாக உரிந்து உள்ளே வழவழப்பு என்றால் சர்வசுகந்தி என்னும் ஆல்ஸ்பைஸ். வாசனையை எழுதும்போது "நல்ல வாசனை" என்று எழுதாதீர்கள். "மண்ணெண்ணெய் மாதிரி", "பச்சை மாங்காய் மாதிரி" என்று எழுதுங்கள். படத்தில் வராத அடையாளம் அது.

முள்ளும் சதைப்பற்றும் உள்ள செடிகளில் பால் வந்தால் கள்ளி வகை. பால் இல்லாமல், முட்கள் ஒவ்வொன்றும் சின்னப் பஞ்சு மெத்தை போன்ற புள்ளியிலிருந்து கிளம்பினால் காக்டஸ்.

கொடி என்றால் சுருளைப் பாருங்கள்

பற்றிக்கொள்ளும் சுருள் எங்கிருந்து கிளம்புகிறது என்பது பல கொடிகளைப் பிரித்துவிடும். இலையின் கக்கத்திலிருந்து நேராகக் கிளம்பினால் பேஷன் ஃப்ரூட் குடும்பம். இலைக்காம்புக்குப் பக்கவாட்டில் கிளம்பினால் பூசணி, பாகல், சௌசௌ குடும்பம். இலைக்கு நேர் எதிரே, தண்டின் மறுபக்கம் கிளம்பினால் திராட்சை, பிரண்டைக் குடும்பம். இலையின் நுனியே நீண்டு சுருண்டால் செங்காந்தள். சுருளே இல்லாமல் தண்டு சுற்றினால் கடிகார முள் போகும் திசையிலா, எதிர்த்திசையிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் ஒட்டி நிற்பது என்றால், வெளியே தெரியும் தடித்த வெள்ளை வேர்களும் பச்சை வேர்நுனியும் இருந்தால் ஆர்க்கிட். வேரே தெரியாமல், கிளையோடு சேரும் இடம் வீங்கியிருந்தால் புல்லுருவி. சேலத்து மாந்தோப்புகளில் இரண்டுமே மாமரத்தில் இருக்கும். ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், மற்றதை மரத்துக்காக வெட்ட வேண்டும். ஆகவே இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

பூவை அறுங்கள்

ஒரு பூவை நீளவாக்கில் புது பிளேடால் இரண்டாக அறுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். இதழ் எத்தனை, தனித்தனியா ஒட்டியதா, மகரந்தக் காம்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். பிஞ்சு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பூசணியின் பெண்பூவில் பிஞ்சு இதழுக்குக் கீழே இருக்கும். கத்தரிப்பூவில் இதழுக்கு உள்ளே இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் பெரிய பெரிய குடும்பங்களையே பிரிக்கும். மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒட்டி நடுவில் குழாயாக நின்றால் செம்பருத்திக் குடும்பம்.

சாமந்தி மாதிரிப் பூ என்றால் அது ஒரு பூவல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் தலை. அதற்கு அடியிலுள்ள பச்சைச் செதில்களின் வரிசையைப் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்த மஞ்சள் வட்டத்தால் பயனில்லை.

என்னென்ன படங்கள்

ஆறு படங்கள் வேண்டும்: முழுச்செடி, இலையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் அருகருகே, கணு, பூ முன்னாலிருந்து, பூ பக்கவாட்டில் காம்போடு, காய் அல்லது அறுத்த பூ. மரமாக இருந்தால் பட்டையும் சேரும். அளவுக்கு ஸ்கேல் வையுங்கள். கைவிரல் ஆளுக்கு ஆள் மாறும்.

உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளைப் பூ வெளிறி, இலை மின்னி, நரம்பு தெரியாமல் போகும். மேகமூட்டமான நேரம் சிறந்தது. வெயிலென்றால் உங்கள் நிழலை முழுச்செடி மேலும் விழவையுங்கள். பாதி நிழல், பாதி வெயில்தான் மோசம். கணுவை எடுக்கும்போது போன் பின்னாலுள்ள தரையில் ஃபோகஸ் செய்துவிடும். கணுவுக்குப் பின்னால் உள்ளங்கையையோ ஒரு நோட்டுப் புத்தகத்தையோ வைத்து, திரையில் கணுவைத் தொட்டு, பிறகு எடுங்கள். மிக அருகே போவதைவிட ஓரடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் தெளிவாக வரும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ரோமமும் செதிலும் அழிந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். காட்டு ஆர்க்கிட் போன்ற அரிய செடி என்றால் போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். இடம் தெரிந்தால் பிடுங்கிக்கொண்டு போக ஆள் உண்டு.

யாருக்கு எது தெரியும்

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தெரியும். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பதால்தான் குழப்பம்.

நர்சரிக்காரருக்கு விற்பனைப் பெயர் தெரியும், எந்த ஊரிலிருந்து சரக்கு வந்தது என்று தெரியும். தாவரவியல் பெயரை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். எஸ்டேட் மேஸ்திரிக்கும் மூத்த தொழிலாளர்களுக்கும் எது எப்போது பூக்கும், எதை ஆடு மாடு தொடாது, எந்தக் களை எந்தத் தோட்டத்திலிருந்து பரவியது என்பது அத்துபடி. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களில் பெரியவர்களுக்குக் காட்டுச் செடிகளைப் பற்றிய அறிவு ஆழமானது. கேட்கும்போது மரியாதையோடு, செடியைக் கையில் வைத்துக்கொண்டு அல்ல, செடி நிற்கும் இடத்துக்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். சுற்றியுள்ள மண்ணும் மரமும் அவர்களுக்கு அடையாளத்தின் பகுதி. நாட்டு மருந்துக்கடைக்காரர் காய்ந்த வேரையும் பட்டையையும் பார்த்துப் பழகியவர். பச்சைச் செடியில் அவர் தடுமாறலாம். மூலிகை என்றால் மேட்டூர் அணையில் சித்த மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. மலைச் செடிகளுக்கு அதுவே முதல் படி. பயிர், பழமரம், வாசனைப் பயிர் என்றால் ஏற்காட்டுத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும். பெரியார் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை உண்டு. மே மாதக் கோடை விழா மலர்க்கண்காட்சிக்கு வரும் தோட்டக்காரர்களிடம் பழைய தோட்டச் செடிகளைப் பற்றிக் கேட்பது நல்ல பலன் தரும். ஆனால் கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள்.

கேள்வியில் பெயரை வைக்காதீர்கள். "அண்ணா, இது இன்சுலின் செடிதானே?" என்று கேட்டால் பாதிப்பேர் "ஆமாம்" என்பார்கள். "அண்ணா, இதை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? எப்ப பூக்கும்?" என்று கேளுங்கள். குழுவில் எழுதும்போது இப்படி இருக்கலாம்:

"வணக்கம். ஏற்காடு, நாகலூர் பக்கம், காப்பித் தோட்ட ஓரம், பாதி நிழல். தானாக முளைத்தது. ஆள் உயரப் புதர், நீளும் கிளைகள். இலை எதிரெதிர், ஓரத்தில் பல் இல்லை, மேலே லேசான ரோமம். காம்புகளுக்கு நடுவே முக்கோணச் செதில் உண்டு. பால் இல்லை, முள் இல்லை, வாசனை இல்லை. பூ சிறியது, ஆரஞ்சு நிற நட்சத்திரம், நீளக் குழாய். சில பூக்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளை இலை. படங்கள் ஆறு. எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெயரோடு காரணமும் வந்தால்தான் சோதிக்க முடியும்.

வந்த பெயரைச் சோதிப்பது

மேலே சொன்ன புதருக்கு மூன்று பதில்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: காட்டுக் காகிதப்பூ, பாயின்செட்டியா, முசாண்டா. மூன்றிலும் பூவுக்குப் பக்கத்தில் நிற இலை உண்டு, ஆகவே மூன்றும் காதுக்குச் சரியாகவே படும். இனி ஒவ்வொன்றையும் அடிக்கப் பாருங்கள். காகிதப்பூவுக்கு முள் உண்டு, இலை ஒவ்வொன்றாக இருக்கும், நிற இலைகள் மூன்று மூன்றாக வரும். கழித்துவிடலாம். பாயின்செட்டியாவை ஒடித்தால் பால் வரும். கழித்துவிடலாம். முசாண்டா காப்பிக் குடும்பம்: எதிரெதிர் இலை, முக்கோணச் செதில், பாலில்லை. அந்த வெள்ளை இலையைப் பூவின் அடிவரை தொடர்ந்து போனால், அது பூவின் ஐந்து புல்லிகளில் (இதழ்களுக்கு வெளியேயுள்ள சிறு பச்சைச் செதில்களில்) ஒன்று பெரிதானது என்று கண்ணாலேயே தெரியும். பொருந்துகிறது. வெள்ளிமடந்தை என்று தமிழில் சொல்வது இந்த வகையைத்தான். நர்சரியில் கிடைக்கும் ரோஸ் நிறக் கலப்பினத்தில் ஐந்து புல்லிகளுமே பெரிதாகியிருக்கும். ஆகவே இது தோட்டக் கலப்பினமல்ல, காட்டு முசாண்டா. அதற்கு மேல் எந்த இனம் என்று சொல்ல இலையின் ரோமத்தையும் சிறிய புல்லிகளின் நீளத்தையும் அளக்க வேண்டும். அளக்கவில்லை என்றால் "முசாண்டா" என்ற இடத்திலேயே நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

பொருந்தும் அடையாளங்களைத் தேடினால் எப்போதும் இரண்டு மூன்று கிடைக்கும். பொருந்தாத ஒன்றைத் தேடுங்கள். ஒரே ஒரு உறுதியான முரண்பாடு போதும், பெயர் விழுந்துவிடும்.

உண்ணும் செடியென்றால் இந்தச் சோதனையைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும். இரண்டு குழப்பங்களை எல்லாத் தோட்டக்காரர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிக் கொடுக்கப்படும் தொட்டிகளில் பல, தரைமூடியாக வளர்க்கும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா என்ற அமெரிக்கச் செடி. அதன் இலை தடித்துப் பளபளக்கும். பல இலைகளில் இரு பக்கமும் ஒரு காது நீட்டி மூன்று பிரிவாகத் தெரியும். உண்மையான மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு ஒடுங்கியது, அந்தக் காது இருக்காது. அடுத்தது வல்லாரை. வல்லாரையில் காம்பு இலையின் வெட்டில் சேரும். நீர்த்தொட்டிக்கு விற்கும் ஹைட்ரோகோட்டைல் வகையில் இலை முழு வட்டம், காம்பு குடைக்கம்பி போல நடுவில் சேரும். பூ வேண்டாம், லென்ஸ் வேண்டாம், இலையைத் திருப்பினால் போதும்.

போன் செயலிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் எல்லாம் முதல் ஊகத்துக்கு நல்லவை. உலகமெங்கும் தோட்டத்தில் வளர்க்கும் செடிகளில் அவை நன்றாகச் சொல்லும். நம் மலைக்கே உரிய செடியில் எங்கோ வேறு நாட்டின் உறவுக்காரச் செடியைக் காட்டும். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் போன்ற ஒன்றை எதிர்கொண்டால் செயலியின் ஊகத்தில் நின்றுவிடக் கூடாது. செயலி தரும் முதல் ஐந்து பெயர்களும் ஒரே குடும்பமாக இருந்தால் அந்தக் குடும்பத்தை நம்பலாம். ஐந்தும் ஐந்து குடும்பம் என்றால் படம் போதவில்லை. ஐநேச்சுரலிஸ்டில் பதிவிடும்போது நட்டு வளர்த்த செடியை "வளர்ப்பு" என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் அது அங்கே காட்டில் இருப்பதாகப் பதிவாகிவிடும்.

இரண்டு பேர் இரண்டு தாவரவியல் பெயர் சொன்னால் சண்டை போடுவதற்கு முன் அவை ஒரே செடியின் பழைய, புதிய பெயர்களா என்று பாருங்கள். கற்பூரவல்லியைப் பிளெக்ட்ராந்தஸ் என்றும் கோலியஸ் என்றும் சொல்வார்கள். சான்செவீரியா இப்போது டிராசீனாவில் சேர்ந்துவிட்டது. ஆவாரை முன்பு காசியா, இப்போது சென்னா. இங்கெல்லாம் இருவருமே சரிதான்.

படத்தால் முடியாதபோது: உலர்மாதிரி

நிபுணர் "மாதிரி வேண்டும்" என்றால் ஒரு கிளை ஒடித்துக் கவரில் போட்டு அனுப்பாதீர்கள்; போய்ச் சேரும்போது கறுத்துப் பொடியாகியிருக்கும்.

பூவும் இலையும், முடிந்தால் காயும் உள்ள கிளையை சுமார் 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். சிறு செடி என்றால் வேரோடு எடுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, ஓர் இலையையாவது கீழ்ப்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். மேலும் கீழும் நாலைந்து தாள், இரண்டு பலகை, மேலே ஆறேழு செங்கல். முதல் மூன்று நாட்கள் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். முதல் மாற்றத்தின்போதுதான் மடிந்த இலைகளைச் சரிசெய்ய முடியும். அதற்குப் பிறகு உடையும். சேலத்து வெயிலில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அங்கே ஈரத் தாளை அடுப்பின் அருகே காய்ச்சி, வெதுவெதுப்போடு மாற்றுங்கள். சதைப்பற்றுள்ள செடியும் ஆர்க்கிட் கிளையும் அச்சுக்குள்ளேயும் உயிரோடு வளரும். அவற்றை (பூவைத் தவிர்த்து) கொதிநீரில் சில விநாடிகள் அமிழ்த்திவிட்டு அழுத்துங்கள். கணுவிலிருந்து இலை உதிர்வதும் அதனால் குறையும்.

கூடவே ஒரு சீட்டு: இடம், உயரம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், பால், வாசனை, உள்ளூர்ப் பெயர், சொன்னவர் எந்த ஊர்க்காரர். நிறமும் வாசனையும் காய்ந்தால் போய்விடும். எழுதாவிட்டால் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கோவையில் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் அங்கேயே இருக்கும் அதன் மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்மாதிரிக் காப்பகம்), திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும் நம் பகுதிச் செடிகளை நன்கு அறிந்த இடங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் அனுப்புங்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. உங்கள் தோட்டத்து எல்லைக்குள் உள்ளதை மட்டும் எடுங்கள்.

பூக்காமல் நிற்கும் செடி

சில செடிகள் பூக்கும்வரை பெயர் சொல்லாது. அதுவரை செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, தரையில் நட வேண்டாம். தொட்டியில், அதுவும் சிமென்ட் தரைமேல் வையுங்கள். உண்ணிச்செடியும் மேலே சொன்ன, மூன்று பிரிவு இலையுள்ள ஸ்பாக்னெட்டிகோலாவும் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பவை. இரண்டுமே அழகுக்காகத் தோட்டங்களுக்கு வந்தவைதான். பெயர் உறுதியாகும்வரை கிளை, விதை யாருக்கும் கொடுக்காதீர்கள். மலைக்கு மேலே உள்ளவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கத்தரித்த துண்டுகளை ஓடையோரம் கொட்டினால் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். கறுப்புப் பையில் கட்டி வெயிலில் நாலைந்து வாரம் வேகவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள்.

இரண்டு, சீட்டு குத்துங்கள். மார்க்கர் பேனா வெயிலில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதினால் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும். "பெயர் தெரியாது" என்று எழுதி, வந்த தேதி, கொடுத்தவர் யார், சொல்லப்பட்ட பெயர்கள், எந்த அடையாளத்தால் கழித்தோம் என்பதைப் பின்பக்கம் எழுதுங்கள். மொட்டு கண்டதும் தினமும் காலையில் பாருங்கள். பல பூக்கள் பத்து மணிக்குள் வாடிவிடும், சில இரவில் மட்டுமே விரியும். அன்றைக்கே பூவை அறுத்து, ஆறு படங்களையும் புதிதாக எடுத்து, பழைய கேள்வியை அதே ஆட்களிடம் மறுபடி வையுங்கள்.